கதவுல ஒரு சாண் கீறல், சில்வர் கலர்: வீட்லயே அடிச்சு பிளெண்ட் பண்ண முடியுமா? கடலூர், பாண்டி ஆளுங்க சொல்லுங்க

தேவனாம்பட்டினம்_ஸ்விஃப்ட் | 14 ஜூலை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், சில்வர் மெட்டாலிக். நேத்து வீட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கும்போது காத்துல வாசல் கேட் மூடிக்கிச்சு, அதோட தாழ்ப்பாள் இடது பின் கதவுல புடிச்சு வீலுக்கு மேல இருக்கற குவாட்டர் பேனல் வரைக்கும் இழுத்துடுச்சு. மூணு கோடு. மேல் கோடு முடி மாதிரி மெல்லிசு, நடுக்கோட்டுக்குள்ள சாம்பல் தெரியுது, கீழ் கோட்டுல ஒரு எடத்துல மிளகு சைஸ்ல தகரமே வெளிய வந்துடுச்சு. வீடு கடற்கரைக்கு ரொம்ப பக்கம், இன்னைக்கு காலைல பாத்தா அந்த மிளகுப் புள்ளி ஆரஞ்சா மாறி இருக்கு, ஒரே நாள்ல.

மஞ்சக்குப்பத்துல ஒரு ஷெட்ல கேட்டேன், ரெண்டு பேனல் முழுசா அடிக்கணும், 9000 ஆகும், ஒரு வாரம் வண்டிய விட்டுட்டு போங்கன்னாங்க. வண்டிய அப்பாவ டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போக வாரம் ரெண்டு தடவ எடுக்கணும், ஒரு வாரம் விட முடியாது. நானே பண்ணலாம்னு இருக்கேன், டூல்ஸ் புடிச்சு பழக்கம் உண்டு, பெயிண்ட் மட்டும் பண்ணதில்ல. ஒரு சாண் கீறலுக்கு ஒரு சாண் அளவு அடிச்சா போதாதா?

லாஸ்பேட்டை_ரவுண்ட்ஸ் | 14 ஜூலை

இன்சூரன்ஸ்ல போடலாம்னு யாராவது சொல்வாங்க, அதுக்கு முன்னாடி கணக்கு பாத்துக்கங்க. 1500 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு கம்பல்சரி டிடக்டிபிள் 1000 ரூபா நம்ம கையில இருந்து போகும். உங்க என்சிபி (கிளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு குடுக்கற தள்ளுபடி) 50 சதவீதத்துல இருந்தா ஒரே கிளெய்ம்ல அடுத்த ரெனியூவலுக்கு ஜீரோ ஆயிடும், திரும்ப 20, 25, 35, 45, 50 னு ஏறி வர அஞ்சு வருஷம். அந்த தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு, அதாவது நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பங்குக்கு மட்டும்தான், ஆனாலும் ஒரு கீறலுக்காக அத விடறது எனக்கு மனசு ஒப்பல. கையால பண்றதுன்னு முடிவு பண்ணது நல்லதுதான்.

பெயிண்ட்கடை_பையன் | 14 ஜூலை

அண்ணா, முதலியார்பேட்டைல எங்க அப்பா இருபத்தஞ்சு வருஷம் பெயிண்ட் ஷெட் வெச்சிருந்தார், நான் அதுலதான் வளந்தேன். ஒரு சாண் கீறலுக்கு ஒரு சாண் அடிச்சா போதுமான்னு கேட்டீங்க இல்ல, அதுக்கு பதில் இல்லைங்கறதுதான். அத பின்னால விளக்கமா எழுதறேன், மொதல்ல இன்னைக்கு பண்ண வேண்டியது.

வண்டிய நல்ல தண்ணில ஷாம்பு போட்டு கழுவுங்க. போர் தண்ணி வேணாம், உங்க பக்கம் போர் எல்லாம் உப்பு, அது காய்ஞ்சா புதுசா உப்பு படியும். கழுவி துடைச்சப்புறம் ஒவ்வொரு கோட்டு மேலயும் விரலால தண்ணி தொட்டு வைங்க. தண்ணி பட்டதும் கோடு மறைஞ்சா அது கிளியர்ல, அதாவது கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பூச்சுல மட்டும்தான் இருக்கு. மறையலன்னா நகத்த குறுக்கால இழுங்க, நகம் மாட்டுச்சுன்னா கலருக்குள்ள போயிடுச்சு, தேய்ச்சு சரி பண்ண முடியாது.

பெயிண்ட் எவ்ளோ மெல்லிசுன்னு தெரிஞ்சா பயம் வரும், வரணும். தகரத்து மேல கம்பெனி போடற முதல் கோட்டு (பூச்சு), அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலர், அப்புறம் கிளியர், எல்லாம் சேத்தே 100 ல இருந்து 130 மைக்ரான் வரைக்கும்தான். அதுல கிளியர் 40 சொச்சம். நம்ம தலைமுடி 70 மைக்ரான். அதாவது நீங்க வாட்டர் பேப்பர் போட்டு தேய்க்கப் போற கிளியர் ஒரு முடியோட கனம் கூட இல்ல.

அந்த ஆரஞ்சு புள்ளிய மட்டும் இன்னைக்கே பாருங்க. பேப்பர மூக்கு மாதிரி மடிச்சு அந்த புள்ளிய மட்டும் தேய்ச்சு பளபளன்னு தகரம் வர வரைக்கும் எடுங்க, நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ கழுவுங்க ஏன்னா துருக்குழிக்குள்ள உப்பு உக்காந்திருக்கும், ஹேர் டிரையர்ல காய வெச்சு துரு வராம காக்கற எபாக்ஸி பிரைமர் ஒரு சொட்டு குச்சில தொட்டு வைங்க. மீதி வேலைய ஒரு மாசம் கழிச்சு கூட பண்ணலாம், துருவுக்கு மட்டும் நாள் குடுக்கக் கூடாது.

ஓல்டுடவுன்_டீசல் | 14 ஜூலை

மேல் கோட்டுக்கு டூத்பேஸ்ட் போட்டு தேய்ச்சு பாருங்க ப்ரோ, என் பைக் டேங்க்ல போச்சு. இல்லன்னா தேங்கா எண்ணெ.

வில்லியனூர்_ஐ10 | 15 ஜூலை

தேங்கா எண்ணெ கீறல ரொப்புது, அவ்ளோதான், அடுத்த வாஷ்ல திரும்ப தெரியும். அது கூட பரவால்ல, பின்னால பெயிண்ட் அடிக்கப் போற எடத்துல எண்ணெ பட்டா பெயிண்ட் ஒட்டாம குழி குழியா விலகி நிக்கும். நான் அனுபவத்துல சொல்றேன். டேஷ்போர்டு பாலிஷ் ஸ்ப்ரே கூட வண்டி பக்கத்துல அடிக்காதீங்க, அதுல இருக்கற சிலிக்கான் அத விட மோசம். டூத்பேஸ்ட்ல தேய்க்கற பொருள் இருக்கு, ஆனா அது எவ்ளோ தேய்க்கும்னு நமக்கு தெரியாது, கார் கடைல பாலிஷ் பண்ற காம்பவுண்டு சின்ன டப்பா கெடைக்கும்போது எதுக்கு.

தேவனாம்பட்டினம்_ஸ்விஃப்ட் | 20 ஜூலை

அப்டேட். துருப்புள்ளிய அன்னிக்கே எடுத்து எபாக்ஸி வெச்சாச்சு. மேல் கோடு தண்ணி தொட்டதும் மறைஞ்சுது, அதனால இன்னைக்கு அத எடுத்தேன். 2000 நம்பர் வாட்டர் பேப்பர அரை மணி நேரம் ஷாம்பு தண்ணில ஊற வெச்சு, பழைய ரப்பர் அழிப்பான்ல சுத்தி, கோட்டுக்கு குறுக்கால சாய்வா பத்து பத்து தடவ தேய்ச்சு துடைச்சு துடைச்சு பாத்தேன். வெள்ளையா பால் மாதிரி தண்ணி வடிஞ்சுது, அது கிளியர்தான்னு படிச்சிருந்தேன், சில்வரா வந்தா நிறுத்தணும்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துது. கோடு போனதும் அந்த எடம் முழுக்க மங்கி சுண்ணாம்பு தடவின மாதிரி இருந்துது. 3000 ல இன்னொரு தடவ, அப்புறம் காம்பவுண்டு, மைக்ரோஃபைபர் துணில கையாலயே இருபது நிமிஷம். கடைசில என் மொகம் தெரிஞ்சுது. டியூப் லைட்ட பக்கவாட்டுல புடிச்சு தேடினா கூட கோடு எங்க இருந்துதுன்னு கண்டுபுடிக்க முடியல.

நடுக்கோடும் கீழ்க்கோடும் அப்டியே இருக்கு, ரெண்டுலயும் நகம் மாட்டுது. டச் அப் பாட்டில் வாங்கி பிரஷ்ல ரொப்பிடலாமா?

வில்லியனூர்_ஐ10 | 20 ஜூலை

என்ன கேட்டா போதும்னு சொல்வேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு ராத்திரி பக்கத்து வீட்டு தகர ஷீட் பறந்து வந்து என் ஐ10 பானட்ட கிழிச்சிட்டு போச்சு, வெள்ள கலர். பாட்டில்ல வர்ற பிரஷ் தடி, அதனால பல்குச்சி முனைல தொட்டு தொட்டு பள்ளத்துக்குள்ள மட்டும் வெச்சேன், காய்ஞ்சா உள்வாங்கும், மறுநாள் திரும்ப, இப்டி அஞ்சு நாள். பக்கத்து பெயிண்ட்ட விட கொஞ்சம் மேடா வந்தப்புறம் ஒரு வாரம் விட்டு 2000 ல சமமாக்கி காம்பவுண்டு. ரெண்டு அடி தள்ளி நின்னா யாருக்கும் தெரியாது. எதுக்கு ரெண்டு பேனல கலைக்கணும்?

பெயிண்ட்கடை_பையன் | 21 ஜூலை

அக்கா பண்ணது ரொம்ப சரி, அதே பொறுமை எல்லாருக்கும் இருந்தா பாதி ஷெட்டுக்கு வேலையே இருக்காது. ஆனா அது வெள்ள, சாலிட் கலர். வெள்ளைய எப்டி வெச்சாலும் வெள்ளதான். சில்வர்ல அலுமினிய துகள் இருக்கு, கண்ணாடித் துண்டு மாதிரி அது எந்த பக்கம் பாத்து படுத்திருக்கோ அத வெச்சுதான் நமக்கு கலர் தெரியுது. ஸ்ப்ரே கன்ல அடிக்கும்போது துகள் எல்லாம் தட்டையா படுக்கும், பிரஷ்ல வெச்சா கன்னாபின்னான்னு நிக்கும். அதே டப்பா, அதே கலர் நம்பர், ஆனா பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா தெரியும். வெயில்ல இன்னும் தெரியும். மிளகு சைஸ்னா பிரஷ்ஷே போதும்னு நானும் சொல்லிருப்பேன், ஒரு சாண் நீளக் கோடு அப்டி மறையாது.

இப்ப அந்த ஒரு சாண் விஷயம். எங்க அப்பா புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிக் குடுக்கற மொத விஷயமே, கீறல மறைக்காத, பெயிண்ட் முடியற எடத்த மறைங்கறதுதான். பழசும் புதுசும் சந்திக்கற எடத்துல கோடு மாதிரி ஓரம் இருந்தா கண்ணு நேரா அங்க போயிடும், கலர் எவ்ளோ சரியா இருந்தாலும். அந்த ஓரமே இல்லாம பண்றதுதான் பிளெண்டிங். அதனால கலரு கீறல தாண்டி போகணும், கிளியரு கலர தாண்டி பேனல் முழுக்க போகணும்.

கலர் நம்பர் வண்டில கம்பெனி வெச்ச தகட்டுல இருக்கும், நம்பர் பிளேட் இல்ல, அத வெச்சு மிக்ஸிங் பண்ற கடைல கலர் வாங்குங்க, பாண்டில அப்டி கடைங்க இருக்கு. பெட்ரோல் மூடிய கழட்டி கையோட எடுத்துட்டு போங்க, பன்னெண்டு வருஷ வெயில்ல கலர் கொஞ்சம் மாறிருக்கும், அவங்க மூடிய பாத்து ஒரு துளி முன்ன பின்ன பண்ணி தருவாங்க. வாங்கினதும் நேரா வண்டில அடிக்காதீங்க. ஒரு அட்டைல அடிச்சு, பாதிக்கு கிளியர் போட்டு, காய்ஞ்சப்புறம் கதவு மேல வெச்சு வெயில்லயும் நிழல்லயும் நேராவும் சாய்வாவும் பாருங்க. கிளியர் போடாத சில்வர பாத்து முடிவு எடுக்கவே கூடாது.

கீறல் ஓரத்த 400 நம்பர் பேப்பர்ல சாய்வா இறக்குங்க, விரல் வெச்சா மேடு பள்ளம் தட்டக் கூடாது. பிரைமர் மெல்லிசா ரெண்டு கோட்டு, காய்ஞ்சதும் 600, அப்புறம் 800. சுத்தி கலர் போகப் போற எடம் 1000. மீதி கதவு முழுக்க சாம்பல் கலர் ஸ்காட்ச் பிரைட்ல மங்கலாக்கிடணும், பளபளப்பா விட்ட எடத்துல கிளியர் ஒட்டாது, ஆறு மாசத்துல தோலு மாதிரி உரியும். அப்புறம் கலர். மொத கோட்டு பிரைமர் மேல மட்டும், ரெண்டாவது அதவிட நாலு விரல் அகலமா, மூணாவது இன்னும் நாலு விரல், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம். கைய மணிக்கட்டுல திருப்பாம தோள்ல இருந்து நேரா இழுங்க, ஓரத்துக்கு வரும்போது டிரிக்கர விட்டுக்கிட்டே வெளிய போங்க. கடைசியா ஒரு கோட்டு ஒரு அடி தூரத்துல இருந்து தூறல் மாதிரி, துகள் எல்லாம் ஒரே மாதிரி படுக்க. ஈரமா தடிப்பா அடிச்சா சில்வர் கருக்கும், ரொம்ப காய்ஞ்ச மாதிரி அடிச்சா வெளுக்கும், இது ரெண்டுக்கும் நடுவுலதான் உங்க வண்டி கலர் இருக்கு, அந்த கை அட்டைலதான் பழகணும்.

மாஸ்கிங் டேப்ப கலர் முடியற எடத்துல ஒட்டவே ஒட்டாதீங்க, அதுவே கத்தி மாதிரி ஓரம் விட்டுடும். கதவுல கிளியர் ரப்பர் பீடிங் வரைக்கும் முழுசா. குவாட்டர் பேனல் மேல கூரை வரைக்கும் ஒரே தகரமா போகும், அதுல கிளியர ஜன்னலுக்கு பின்னால தூண் ரொம்ப ஒல்லியா வர்ற எடத்துல நிறுத்தி, ஓரம் கரைஞ்சு போக பிளெண்டிங் தின்னர் லேசா ஒரு தடவ.

லாஸ்பேட்டை_ரவுண்ட்ஸ் | 21 ஜூலை

பாதுகாப்பு பத்தி யாரும் சொல்லல, அத சொல்லாம விட முடியாது. ஹார்டனர் (கெட்டியாக்கற திரவம்) கலக்கற கிளியர்ல ஐசோசயனேட்னு நுரையீரல கெடுக்கற கெமிக்கல் இருக்கு. கர்ச்சீஃப், துணி மாஸ்க், என்95 எதுவும் அந்த ஆவிய நிறுத்தாது. கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, கிளவுஸ், முழுக்கை சட்டை வேணும், கார்ட்ரிட்ஜும் புதுசா இருக்கணும். எங்க தெருவுல ஒருத்தர் வருஷக்கணக்கா வெறும் துண்டு கட்டிக்கிட்டு அடிச்சவரு, இப்ப பெயிண்ட் வாசன பட்டாலே இழுப்பு வருது, தொழில விட்டுட்டார். தம்பி, உங்க வீட்ல ஒடம்பு சரியில்லாத பெரியவர் இருக்கார். அடிக்கற அன்னிக்கு அவர வேற வீட்ல விடுங்க, சாயந்திரம் வரைக்கும் கூட்டிட்டு வராதீங்க.

தேவனாம்பட்டினம்_ஸ்விஃப்ட் | 4 ஆகஸ்ட்

நேத்து அடிச்சேன், கெட்டுப் போச்சு. நடந்தத அப்டியே சொல்றேன், எங்க தப்புன்னு சொல்லுங்க.

ஹார்டனர் வேணாம்னு நெனச்சு சாதா ஸ்ப்ரே கேன் கிளியர் வாங்கினேன், கலரும் கேன்லதான் ரொப்பி குடுத்தாங்க. அப்பாவ அக்கா வீட்ல விட்டுட்டு வந்து தேய்க்கற வேலை முடியறதுக்கே மதியம் மூணு ஆச்சு, அப்புறம் ஒரு மழ, விட்டதும் அஞ்சு மணிக்கு மேல அடிச்சேன். கலர் மூணு கோட்டும் நல்லா வந்த மாதிரிதான் இருந்துது. கிளியர் போட்டு ரெண்டு நிமிஷத்துல கண்ணு முன்னாடியே கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி வெள்ளப் புகை படிஞ்சுது. இன்னைக்கு காலைல பாத்தா அது அப்டியே நிக்குது, அதோட கீறல் இருந்த எடத்துல ஒரு தட்டு அளவுக்கு கருப்பா திட்டு. முன்னால நின்னா தெரியல, டிக்கி பக்கம் இருந்து பாத்தா நல்லா தெரியுது. ரெண்டு நாள் உழைப்பு. சோறு எறங்கல.

பெயிண்ட்கடை_பையன் | 4 ஆகஸ்ட்

அண்ணா கலங்காதீங்க, ரெண்டுமே திருத்தக்கூடியதுதான், அடில இருக்கற பிரைமர் வேலை நல்லா இருக்குன்னு போட்டோவுல தெரியுது, அதுதான் கஷ்டமான பாதி.

வெள்ளப் புகை ஈரம். தின்னர் ஆவியாகும்போது தகரத்த குளிர வைக்கும், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அந்த குளிர்ச்சில தண்ணி படிஞ்சு பெயிண்ட்டுக்குள்ள மாட்டிக்கும். மழ விட்ட சாயந்திரம், அதுவும் கடல் ஓரத்துல, அதவிட மோசமான நேரம் கெடையாது. நம்ம ஊர்ல நேரம் காலைல ஒம்பதரைல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான், விடியக்கால ஈரம் போயிருக்கும், கடக்காத்து ஏறியிருக்காது. கடக்காத்து வந்தா ஈரத்தோட உப்பும் மணலும் கொண்டு வரும். நிழல்ல வெச்சு அடிங்க, தகரத்துல கைய வெச்சா சுடக் கூடாது. ஐப்பசி கார்த்திகைல எங்க அப்பா கிளியர் வேலையே எடுக்க மாட்டார், கஸ்டமர் சண்ட போட்டாலும் பொங்கலுக்கு அப்புறம் வாங்கன்னு அனுப்பிடுவார்.

கருப்பு திட்டு கேன்ல கிட்ட வெச்சு ஒரே எடத்துல ஈரமா அடிச்சதால. சாதா கிளியரும் அந்த எடத்துக்கு சரி வராது, உங்க பெட்ரோல் மூடி அந்த பேனல்லதான் இருக்கு, பெட்ரோல் வழிஞ்சா அது கரைஞ்சு ஒட்டும். அது மேலயே ஹார்டனர் கிளியரையும் அடிக்கக் கூடாது, சுருங்கிடும். அத முழுசா தேய்ச்சு எடுத்துடுங்க.

சனிக்கெழம நான் கடலூர் வர்றேன், எங்க அப்பாவோட மினி கன் இருக்கு, 0.8 நாசில், கொண்டு வர்றேன். கம்ப்ரஸர் யார்கிட்டயாவது கேட்டு வைங்க, வாங்கினதும் டேங்க் அடில இருக்கற திருகாணிய தொறந்து தண்ணிய வடிச்சிடுங்க. ரெஸ்பிரேட்டர் எனக்கு இருக்கு, உங்களுக்கு ஒண்ணு வாங்கிடுங்க.

வில்லியனூர்_ஐ10 | 5 ஆகஸ்ட்

சோறு சாப்டுங்க. என் பானட்டும் மூணாவது தடவதான் சரியா வந்துது, அத நான் மேல எழுதல, எழுதிருக்கணும்.

தேவனாம்பட்டினம்_ஸ்விஃப்ட் | 11 ஆகஸ்ட்

சனிக்கெழம தம்பி எட்டு மணிக்கே வந்துட்டான். கம்ப்ரஸர் டேங்க்ல இருந்து ஒரு டம்ளர் அளவுக்கு துருத் தண்ணி வந்துது, அத அப்டியே வெச்சிருந்தா எல்லாம் கதவுலதான் வந்திருக்கும். தரைல தண்ணி தெளிச்சு தூசிய அடக்கிட்டு, மொத ஒரு மணி நேரம் அட்டைல மட்டுமே அடிக்க வெச்சான். ஏழு அட்டை. மொத ரெண்டு அட்டை கருப்பு, மூணாவது வெளுப்பு, அஞ்சாவதுல இருந்துதான் கதவு மேல வெச்சா எங்க அட்டை எங்க கதவுன்னு கொழம்ப ஆரம்பிச்சுது.

கலர் அடிச்சது நான், கிளியர் அடிச்சது அவன். கடைசி தூறல் கோட்டு விழும்போது கிட்ட நின்னு பாத்தேன், மாவு சலிக்கற மாதிரி மெதுவா எறங்கி, அந்த கருப்பு திட்டு ஓரத்துல இருந்து உள்ள உள்ள கரைஞ்சு போச்சு. பதினொன்றரைக்கு கிளியர் ரெண்டாவது கோட்டு முடிஞ்சுது, பன்னெண்டேகாலுக்கு கடக்காத்து வந்து தென்ன ஓல ஆட ஆரம்பிச்சுது. கிளியர்ல ரெண்டு தூசி, ஒரு எடத்துல கொஞ்சம் ஆரஞ்சு தோலு மாதிரி. ஒரு வாரம் கழிச்சு 2000, 3000 போட்டு எடுக்கணும்னு சொல்லிருக்கான். வேக்ஸ் ஒரு மாசத்துக்கு தொடக் கூடாதாம்.

செலவு எழுதறேன், யாருக்காவது ஆகும். மொத தடவ கெட்டதையும் சேத்து பேப்பர், பிரைமர், கலர், ஹார்டனர் கிளியர், தின்னர் எல்லாம் 3900. ரெஸ்பிரேட்டர் தனியா 1600. தம்பி காசு வாங்கல, அம்மா வெச்ச சங்கரா மீன் கொழம்பு மட்டும் சாப்ட்டான்.

நெல்லிக்குப்பம்_சில்வர் | 11 ஆகஸ்ட்

ஒரு மாசமா படிச்சுட்டே இருந்தேன், இன்னைக்குதான் ஐடி போட்டேன். எனக்கும் அதே சில்வர், 2014 வண்டி, முன் ஃபெண்டர்ல ஸ்கூட்டி ஹேண்டில் இழுத்த கோடு. சார், ஒரு சின்ன டவுட்டு, டிக்கி பக்கம் இருந்து பாத்தா இப்ப எப்டி இருக்கு?

தேவனாம்பட்டினம்_ஸ்விஃப்ட் | 20 செப்டம்பர்

லேட்டுக்கு மன்னிச்சுக்கங்க, அப்பாவுக்கு நடுவுல ஆஸ்பத்திரி. நேத்து காலைல வேக்ஸ் போட்டேன். டிக்கி பக்கம், பானட் பக்கம், உக்காந்து, நின்னு, தெரு லைட்ல எல்லாம் பாத்தாச்சு. சாயந்திர வெயில் ரொம்ப சாய்வா விழும்போது மட்டும் கதவு கைப்பிடிக்கு கீழ ஒரு கை அளவு எடம் லேசா மாறி தெரியுது, அதுவும் எனக்கு மட்டும்தான், அப்பாகிட்ட காட்டினேன் அவர் கண்டுபுடிக்கல. தூண் பக்கம் கிளியர் நிறுத்தின எடத்த விரலால தடவினா கூட ஒண்ணும் தட்டல.

மிச்சம் கலர் கால் லிட்டருக்கு மேல இருக்கு, கிளியர் கலக்காம கொஞ்சம் இருக்கு. நெல்லிக்குப்பம் சார், வேணும்னா வந்து எடுத்துக்கங்க, அந்த அட்டைங்களையும் தர்றேன். ஆனா அது என் வண்டி வெயிலுக்கு கலந்த கலரு, உங்க ஃபெண்டர் மேல வெச்சு பாக்காம அடிச்சிடாதீங்க.

பெயிண்ட்கடை_பையன் | 20 செப்டம்பர்

டப்பாவ தொறக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நல்லா கலக்கணும் சார், துகள் எல்லாம் அடில உக்காந்திருக்கும். அடிக்கறதுன்னா புரட்டாசி முடியறதுக்குள்ள அடிச்சிடுங்க, இல்லன்னா தை வரைக்கும் விடுங்க.

நெல்லிக்குப்பம்_சில்வர் | 20 செப்டம்பர்

நாளைக்கு காலைல எட்டரைக்கு வர்றேன் சார், பெட்ரோல் மூடிய கழட்டி கொண்டு வர்றேன்.